மடிகிற இடத்தில் எத்தனை அடுக்கு

மின்சுற்றில் எத்தனை செம்பு அடுக்குப் போடலாம் என்று கேட்டு வருகிற இளம் பொறியியலாளர்கள் கையில் ஒரு கணக்கோடுதான் வருவார்கள். இத்தனை இணைப்பு, இவ்வளவு அகலம், ஆகவே இத்தனை அடுக்கு. தடித்த பச்சைப் பலகைக்கு அந்தக் கணக்குச் சரி. வளைந்து மடிகிற தேன் நிறப் பட்டிக்கு, நாங்கள் பிளெக்ஸ் என்று சொல்வதற்கு, அது உதவாது. அங்கே செம்பை எதன் மேல் ஒட்டுவது, எதால் ஒட்டுவது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் துளை வழியாக எப்படிக் கடப்பது என்ற மூன்று கேள்விகள்தான் அடுக்கின் எண்ணிக்கையை முடிவு செய்து வந்திருக்கின்றன. நூற்றிருபது வருடத்துக்கு மேலான கதை அது. அந்தக் கதை தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை.

நான் பியோர்ண்டால்வாசி. ஒஸ்லோவின் தெற்கு ஓரத்தில், 1980களில் எழும்பிய குடியிருப்பு இது. வீட்டுக்குப் பின்னாலேயே காடு. நோர்வேக்கு முதலில் வந்த தமிழர் என்று எங்களவர்கள் சொல்வது குருநகர் அந்தோனி இராஜேந்திரத்தை. அவர் வந்தது 1956இல். பிறகு அவர் தொடங்கிய சீநோர் திட்டம் 1967இல் யாழ்ப்பாணத்து மீனவருக்குப் படகும் வலையும் செய்துகொடுக்கக் கிளம்பியது. அவருக்குப் பிறகு மக்கள் உயர்பள்ளிகளில் படிக்கவென்று பொடியள் வந்தார்கள். அதன் பிறகு இலங்கைப் போர் எங்களைத் துரத்தியது. பலரைப் போல நானும் முதலில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் வெட்டினேன். பின்பு தெற்கே இறங்கி, இலத்திரனியல் பலகைகள் பொருத்துகிற தொழிற்சாலை ஒன்றில் சோல்டர் மேசையிலும் கடைசியில் பரிசோதனை மேசையிலும் காலம் போனது. மீன் வெட்டின கைக்கு நுணுக்கம் வராது என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். முள்ளை விட்டு வைக்காமல் சதையை எடுக்கத் தெரிந்தவனுக்கு நுணுக்குக்காட்டியின் கீழ் சோல்டர் வைப்பது பெரிய வேலையில்லை.

ஊரின் மறு அந்தத்தில், வடக்கே ஷெல்சோஸில், நோர்வேயின் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. தாண்ட்பெர்க் வானொலித் தொழிற்சாலை இருந்ததும் அதே ஷெல்சோஸில்தான். வெப்யோர்ன் தாண்ட்பெர்க் 1933இல் ஒஸ்லோவில் தொடங்கிய கொம்பனி அது. 1972இல் போட்டிக் கொம்பனியான ரேடியோநெட்டையும் சேர்த்துக்கொண்டு, 1978 டிசம்பரில் வங்குரோத்தானது. நிறுவனர் அதற்கு நாலு மாதம் முந்தியே காலமாகிவிட்டார்.

அந்தக் காலத்து வால்வு வானொலி எதையும் கவிழ்த்து அடித்தட்டைப் பாருங்கள். வால்வுச் சட்டத்திலிருந்து மின்தேக்கிக்கு, அங்கிருந்து இன்னொரு சட்டத்துக்கு, கம்பி வெறுங்காற்றில் போகும். பார்க்கக் குருவிக்கூடு மாதிரி இருந்தாலும் அதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஒரு கம்பி இன்னொன்றைத் தாண்ட வேண்டுமென்றால் மேலால் வளைத்துவிட்டால் முடிந்தது. அடுக்கு என்ற பேச்சே அங்கே இல்லை. கம்பி தட்டையாகி ஒரு தாளில் படுத்த அன்றைக்குத்தான் ஒன்றை ஒன்று தாண்ட முடியாத சிக்கல் வந்தது. அடுக்கும் அன்றைக்குத்தான் பிறந்தது.

    

கம்பியைத் தட்டையாக்கிப் படுக்க வைத்தவர்களில் முதலாவதாகச் சொல்லப்படுபவர் அல்பேர்ட் ஹான்சன். பெர்லின்காரர், 1903இல் பிரித்தானியக் காப்புரிமை கேட்டவர். அவருக்கிருந்த சிக்கல் தொலைபேசி நிலையம். சந்தாதாரர் கூடக்கூடக் கம்பி வைக்க இடம் போதவில்லை. மெல்லிய உலோகத் தகட்டை நாடாவாக வெட்டி, மெழுகு ஊட்டிய தாளில் ஒட்டி, தாளின் இரண்டு பக்கமும் பயன்படுத்தி, வேண்டிய இடத்தில் துளை வழியே இணைக்கலாம் என்றார். இன்றைக்கு நாங்கள் இருபக்கப் பிளெக்ஸ் என்று சொல்வதன் எலும்புக்கூடு முழுக்க அதில் இருக்கிறது. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கவும் அவர் நினைத்திருந்தார். ஆனால் மெழுகுத் தாள் சோல்டரின் சூட்டைத் தாங்குமா? யோசனை சரியாக இருந்தது, அதைத் தாங்குகிற பொருள் பிறக்கவில்லை. அது பிறக்க இன்னும் அறுபது வருடம் இருந்தது.

இடையில் வந்தவர் போல் ஐஸ்லர். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த மனிதர். வியன்னாவில் 1907இல் பிறந்த யூதர், பொறியியல் படித்தவர். வேலை கிடைக்காத காலத்தில் பத்திரிகை அச்சகத்தோடு பழகியதால், அச்சுத் தகட்டில் உலோகத்தை அமிலம் அரித்து எழுத்தை விட்டுவைப்பது எப்படி என்று கண்ணால் கண்டிருந்தார். 1936இல் இலண்டனுக்குத் தப்பி வந்து, ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விடுதி அறையில் இருந்தபடி, செம்புத் தகட்டில் வேண்டாததை அரித்து வேண்டிய வழியை மட்டும் விட்டுவைத்த வானொலி ஒன்றைச் செய்தார். அச்சிட்ட சுற்று என்று உலகம் பின்னாளில் சொன்னது இதைத்தான்.

அதை ஒரு கொம்பனிக்குக் கொண்டுபோய்க் காட்டினார். பிளெசி என்று பெயர், அந்தக் காலத்தில் பெரிய கை. வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்ன காரணத்தை ஐஸ்லர் தன் வாழ்க்கை வரலாற்றில் பதிந்து வைத்திருக்கிறார்: கம்பி பூட்டுகிற பெண்பிள்ளைகள் இதைவிட மலிவு, சொன்னபடி வளைந்தும் கொடுப்பார்கள். சோல்டர் மேசையில் இருந்து வந்த எனக்கு அந்த வரி சிரிப்பையும் தரும், சினத்தையும் தரும். சுற்றை வளையவைக்கத் தேவையில்லை, தொழிலாளி வளைகிறாளே என்பதுதானே அதன் பொருள்!

போர் தொடங்கியதும், நாசிகளிடமிருந்து தப்பி வந்த அந்த மனிதரையே எதிரி நாட்டவர் என்று பிரித்தானியா பிடித்து அடைத்தது. வெளியே வந்தபின் கம்பர்வெல்லில் இருந்த ஹென்டர்சன் அன்ட் ஸ்போல்டிங் என்ற அச்சுக் கொம்பனி அவருக்கு இடம் கொடுத்தது. ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்து வைத்ததில் உரிமையின் பெரும்பங்கு கைவிட்டுப் போனது. காப்புரிமை விண்ணப்பம் 1943இல். அந்தக் காலத்திலேயே அவர் தகட்டைத் தடித்த பலகையில் மட்டுமல்லாமல் வளையும் தாளிலும் நினைத்துப் பார்த்தார். பின்னாளில் அதே தகட்டால் சூடு தரும் சுவர்த்தாள் கூடச் செய்தார். வடகடலில் மலிவாக எரிவாயு கிடைத்ததும் அதைக் கேட்பார் இல்லாமல் போனது. அந்த வடகடல்தான் நோர்வேயைப் பணக்கார நாடாக்கியது. ஒருவருக்கு அடி, இன்னொருவருக்கு அதிர்ஷ்டம். ஐஸ்லர் 1992இல் இறந்தார்.

ஐஸ்லரின் சுற்று ஓர் அடுக்குச் சுற்று. அதிலிருந்து வளையும் பட்டிக்குப் போவதற்கு அமெரிக்கரின் ஆயுதத் தொழில் வர வேண்டியிருந்தது. நியூ ஹாம்ஷயரில் இருந்த சாண்டர்ஸ் கொம்பனியில் 1950களில் ரோய்டன் சாண்டர்ஸும் விக்டர் டால்கிரெனும் வளையும் படலத்தில் செம்பை அரித்து, விமானத்திலும் ஏவுகணையிலும் இருக்கும் கட்டுக் கட்டான கம்பிக்குப் பதில் பட்டி ஒன்றை வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பிளெக்ஸ்பிரின்ட்'. கையால் கம்பி கட்டும்போது ஒருவர் செய்தது போல மற்றவர் செய்யமாட்டார். பட்டியில் அந்த வம்பு இல்லை, ஆயிரத்தாவதும் முதலாவதைப் போலவே இருக்கும். கையால் கட்டுவதில் தவறு வந்தால் ஆள் சாகிற இடத்தில் அதற்குப் பெரிய விலை கொடுத்தார்கள்.

ஆனாலும் சூடு பழைய சிக்கலாகவே நின்றது. சாதாரண பிளாஸ்டிக் படலம் சோல்டர் முனை பட்டால் சுருங்கிப்போகும். 1960களின் நடுவில் டூபொன்ட் கொம்பனி சந்தைக்குக் கொண்டுவந்த காப்டன் என்ற பொலிஇமைட் படலம்தான் கதவைத் திறந்தது. மறை 269 பாகையிலிருந்து 400 பாகை வரை தாக்குப்பிடிக்கும் படலம். சந்திரனுக்குப் போன கலத்தின் பொன்னிறப் போர்வையும் இதே சாதிதான். ஹான்சன் காத்திருந்த தாள் இது என்று நான் நினைப்பதுண்டு.

தாள் கிடைத்தது, பசை மட்டும் தோதாக அமையவில்லை. செம்பைப் படலத்தில் பிடித்து வைக்க அக்ரிலிக் பசை போட்டார்கள். வளைவதற்கு அது நல்ல பசை. சூடேறினால் மேல் நோக்கிச் செம்பைவிடப் பல மடங்கு வீங்கும். ஓர் அடுக்கில் அது தொந்தரவில்லை. நாலு, ஆறு என்று அடுக்கும்போது ஒவ்வோர் அடுக்கிடையும் பசை. எல்லாம் சேர்ந்து வீங்கித் துளையின் உள்சுவரில் பூசிய செம்பை இழுத்து அறுத்துவிடும். படலத்தின் மேல் பசையே இல்லாமல் செம்பைப் பிடிக்க வைக்கும் முறை பிறகு வந்தது. இன்று இரண்டு அடுக்குக்கு மேல் போகிறவர் எவரும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆக, பிளெக்ஸில் அடுக்குக் கூடியதும் குறைந்ததும் பசைக்காரர் கொடுத்த அனுமதியைப் பொறுத்தே நடந்திருக்கிறது.

எழுபதுகளில் யப்பான்காரர் இதை ஆயுதத்திலிருந்து சட்டைப்பைக்குக் கொண்டுவந்தார்கள். 1976இல் வந்த கனன் ஏஇ-1 கமெராவின் மேல்மூடியைக் கழற்றினால், கண்ணாடிப் பட்டகத்தின் மேல் போர்த்தியபடி ஒரு பிளெக்ஸ் கிடக்கும். அது ஒருமுறை மடித்து வைத்தால் பிறகு அசையாது. அச்சுப்பொறியிலும் தகவல் வட்டு ஓட்டிகளிலும் தலை அசையும்போதெல்லாம் பட்டியும் கூடவே அசையும், இலட்சம் தடவை, கோடி தடவை. அப்படிப்பட்ட இடத்தில் வைத்தது பெரும்பாலும் ஓர் அடுக்குத்தான். அதுவும் உருட்டிப் பதப்படுத்திய செம்பு, உருட்டிய திசை பட்டியின் நீளத்தோடு ஓட வேண்டும். செம்புக்கு மேலும் கீழும் ஒரே தடிப்பில் படலம் போட்டால், வளையும்போது ஒரு பக்கம் இழுபடவும் மறுபக்கம் நசுங்கவும், நடுவில் இருக்கும் செம்புக்கு அநேகமாக எதுவுமே தெரியாது. இரண்டாவது அடுக்கைப் போட்ட நிமிடமே அந்த நடு இடம் பறிபோகிறது. நடுவில் ஒன்றைத்தானே வைக்கலாம்.

நான் வேலை செய்த இடம் ஒன்றில், மூடி திறந்து மூடுகிற கையடக்க அளவுமானி ஒன்றை மாதக்கணக்கில் பொருத்திக் கொடுத்தோம். கீலுக்குள் போகும் பிளெக்ஸ் நாலு அடுக்கு. வரைபடம் வாடிக்கையாளருடையது. கொஞ்சக் காலத்தில் திரும்பி வரத் தொடங்கின. மூடியைத் திறந்தால் திரையில் படம் வரும், பாதி மூடினால் போய்விடும். பட்டியை வெட்டி, பிசினில் புதைத்துத் தேய்த்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். வெளி அடுக்கின் செம்பில் மடிப்புக்குக் குறுக்கே மயிர்க்கோடு போல வெடிப்பு, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, வரிசை பிசகாமல். உள் அடுக்கு அலை அலையாய்ச் சுருங்கிக் கிடந்தது. மேல் அடுக்கின் கோடுகளுக்கு நேர் கீழே கீழ் அடுக்கின் கோடுகளும் ஓடின. அப்படி நேருக்கு நேர் வைத்தால் இரும்பு உத்தரம் மாதிரி இரண்டும் சேர்ந்து விறைத்துக்கொள்ளும். ஒன்றை ஒன்று விலக்கி வைப்பது இத்தொழிலில் அரிச்சுவடி. எவர் வரைந்தாரோ, பலகை வரையப் பழகிய கையோடு பிளெக்ஸ் வரைந்திருந்தார்.

இதில் வரும் எண்கள் சட்டமல்ல, பட்டறை வழக்கம். ஆனாலும் சொல்கிறேன். ஓர் அடுக்குப் பிளெக்ஸில் 18 மைக்ரோன் செம்பு, மேலும் கீழும் 25 மைக்ரோன் படலம், இடையில் பசை என்று கூட்டினால் ஏறக்குறைய 0.12 மில்லிமீற்றர். ஒருமுறை மடித்து விடுகிற இடத்தில் வளைவின் ஆரை தடிப்பின் 6 மடங்குக்குக் குறையக் கூடாது என்பார்கள். அப்படியென்றால் 0.7 மில்லிமீற்றர். இரண்டு அடுக்குக்கு 12 மடங்கு. தடிப்பு 0.2 என்று வைத்தால் 2.4 மில்லிமீற்றர். நாலு அடுக்குக்கு 24 மடங்கு. 0.4 தடிப்பில் அது 9.6 மில்லிமீற்றர். அடுக்கு நாலு மடங்காக, வளைவுக்கு வேண்டிய இடம் பதினாலு மடங்காகிவிட்டது. இடம் மிச்சம் பிடிக்கத்தான் பிளெக்ஸ் போட்டோம் என்பதை அதற்குள் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஓயாமல் அசையும் இடத்தில் நூறு மடங்கு கேட்பார்கள், அங்கே ஓர் அடுக்குக்கு மேல் பேசவே வேண்டாம். விறைப்பு தடிப்பின் மும்மடியாகக் கூடுவதுதான் அடிப்படை. தடிப்பை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு.

அந்த அளவுமானிக்குக் கடைசியில் செய்தது மிகப் பழைய வழி. பள்ளிக் கொப்பியை வளைத்துப் பாருங்கள், ஒற்றைகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிக் கொடுக்கும். எல்லா ஒற்றைக்கும் பசை தடவிக் காயவிட்டால் அது பலகை. கீலுக்குள் மட்டும் அடுக்குகளை ஒட்டாமல் விட்டோம். இரண்டிரண்டாகப் பிரித்து, இடையில் காற்று விட்டு, இரண்டு முனையிலும் மட்டும் சேர்த்தோம். திரும்பி வருவது நின்றது. வெளியே ஓடுகிற அடுக்கை உள்ளே ஓடுவதைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டும் முறையும் உண்டு, புத்தகம் கட்டுபவர் முதுகை வளைப்பது போல. அது நல்ல முறை. ஆனால் செய்யத் தெரிந்த ஆலைகள் குறைவு, விலையும் கூட.

போன பனிக்காலம் என் மருமகன் பியோர்ண்டாலுக்கு வந்திருந்தான். அவன் வேலை செய்கிற இடத்தில் மார்பில் ஒட்டி இதயத்துடிப்பு அளக்கும் கருவி ஒன்று செய்கிறார்கள். துரொண்ட்ஹைமில் 1983இல் தொடங்கிய நோர்டிக் செமிகண்டக்டரின் புளூடூத் சில்லு, அதன் வயிற்றில் நெருக்கமாகச் சோல்டர்ப் பந்துகள்.

“மாமா, சில்லுக்குக் கீழ ரெண்டு அடுக்கில வழி விடேலாது. முழுக்க நாலாப் போட்டால் என்ன?”

“எந்த இடத்தில மடியுது?”

“அது இன்னும் முடிவாகேல்ல.”

“அப்ப அடுக்கையும் இப்ப முடிவெடுக்கேலாது தம்பி. மூச்சு விடேக்க எது அசையும் எண்டு முதலில கீறிக் காட்டு.”

கீறினான். சில்லும் பற்றரியும் இருக்கிற நடுப்பாகம் அசையாது, அதற்கு அடியில் விறைப்பான தகடும் ஒட்டலாம். இரண்டு பக்கமும் மின்முனைக்குப் போகிற வால் மட்டும்தான் தோலோடு சேர்ந்து இழுபடும். வாலில் போவது எத்தனை கோடு? ஒவ்வொன்றிலும் இரண்டு. இரண்டு கோட்டுக்கு நாலு அடுக்கை மார்பு முழுக்க இழுத்துச் செல்வானேன்? நடுவில் நாலு, வாலில் ஒன்று. சத்தம் பிடிக்கும், கவசம் வேண்டும் என்று பயந்தான். முழுச் செம்புத் தளம் வேண்டாம், வலைபோலக் கட்டம் கட்டமாக விட்ட செம்பு போதும், அல்லது மேலே ஒட்டுகிற மெல்லிய வெள்ளிப் படலம் போதும் என்றேன். துளைகள் எல்லாம் விறைப்பான பாகத்துக்குள், மடிப்புக்குக் கிட்ட ஒன்றும் வரக் கூடாது. தடித்த பலகையில் இரட்டை எண்தான் வழக்கம் என்பதால் பிளெக்ஸிலும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைப்பவர் பலர். ஒன்றும் மூன்றும் இங்கே குறையல்ல. ஒன்றுதான் பெரும்பாலும் சரி.

இத்தனையும் எங்கள் தொழிலின் சர்வதேசத் தரநூல்களில் வகை வகையாகப் பிரித்து எழுதியிருக்கிறது. ஒரு பக்கம் முதலாம் வகை, இரு பக்கம் இரண்டாம் வகை, துளை போட்ட பல்லடுக்கு மூன்றாம் வகை, விறைப்பும் வளைவும் கலந்தது நாலாம் வகை. ஐந்தாம் வகை ஒன்றும் உண்டு, துளைக்குச் செம்பு பூசாமலே அடுக்குவது. அதை நான் கையில் தொட்டது குறைவு. வகையை வாசித்துவிட்டு வந்து தெரிவு செய்கிறவர்கள் நாலாம் வகைக்குத்தான் ஓடுகிறார்கள், பார்க்க அழகு என்பதால். அதன் விலைப்பட்டியல் வரும்போது முகம் மாறும். ஒவ்வோர் அடுக்குக்கும் இன்னொரு அழுத்தம், இன்னொரு சுடுகை, ஒன்றன் மேல் ஒன்று நேராகப் பொருந்த இன்னொரு வாய்ப்பு, பொருந்தாமல் போகவும் இன்னொரு வாய்ப்பு. பொலிஇமைட் காற்றிலிருந்து ஈரத்தையும் குடிக்கும். அடுக்குத் தடித்தால் அந்த ஈரம் வெளியேற நேரம் பிடிக்கும். சோல்டருக்கு முன் அடுப்பில் வைத்து 120 பாகையளவில் மணிக்கணக்காக உலர்த்தாவிட்டால் உள்ளே ஆவியாகி அடுக்குகளைப் பிளந்துவிடும். அதை உலர்த்தாமல் அவசரப்பட்ட மேலாளர் ஒருவரை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

மருமகன் தன் வரைபடத்தைத் திருத்திக்கொண்டு போனான். ஆலைக்கு அனுப்பும்போது அடுக்கு வரைபடத்துக்கு முன் மடிப்பு வரைபடத்தை வை என்று சொல்லியிருக்கிறேன். எங்கே மடிகிறது, எத்தனை தடவை, எந்தப் பக்கமாக, எவ்வளவு ஆரை. நல்ல ஆலை என்றால் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்லும்.